ரயில் காரிடாரில் ஒரு நாள்: 4 கிலோமீட்டரா, 21 கிலோமீட்டரா?

பள்ளி விடுமுறை நெருங்கினாலே சிங்கப்பூரில் தெரிந்தவர்களிடமிருந்து இந்தக் கேள்வி வந்துவிடும். "ஊர்லேருந்து அப்பா அம்மா வந்திருக்காங்க, ரயில் காரிடார் கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கோம். எங்கே ஏறி எங்கே இறங்குறது?" அதே வாரத்தில் இன்னொருவர், "ஆபீஸ்ல பத்துப் பேர் சேர்ந்து முழுசா நடக்கலாம்னு பேசிக்கிட்டோம், முடியுமா?" என்பார். ரயில் காரிடார் என்பது பழைய ரயில் தடம் நடைபாதையானது; பாதை ஒன்றுதான். ஆனால் இந்த இரண்டு பேருக்கும் ஒரே பதிலைச் சொன்னால், ஒருவருக்காவது அந்த நாள் கெட்டுப்போகும்.

பல தடவை நடந்ததில், நான்கு விதமாக இந்த நாளைத் திட்டமிடலாம் என்று எனக்குப் படுகிறது. நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

பாதை பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1903-இல் சிங்கப்பூரில் ரயில் ஓடத் தொடங்கியது. நகரத்துக்குள் போன பழைய தடத்தை விட்டுவிட்டு, 1932-இல் தஞ்சோங் பகாருக்குப் புதுத் தடம் போட்டார்கள். மலாயா ரயில்வேயில் தண்டவாள வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும், எழுத்தர்களாக, ஸ்டேஷன் மாஸ்டர்களாக யாழ்ப்பாணத்திலிருந்து போனவர்களும் நிறையப் பேர். சிங்கப்பூர் தனி நாடான பிறகும் இந்தத் தடம் மலேசிய ரயில்வேயிடமே இருந்தது. 2011 ஜூன் 30 இரவு தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி ரயில் கிளம்பியது. ஜொகூர் சுல்தானே அதை ஓட்டிப் போனார். தண்டவாளத்தைக் கழற்றி மலேசியாவிடம் கொடுத்துவிட்டார்கள். தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை 24 கிலோமீட்டர் நீளத்துக்கு மிஞ்சிய அந்த நிலப்பட்டையை, கட்டடம் கட்டாமல் பசுமையாக விட்டுவைக்க வேண்டும் என்று சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் 2010-லேயே கேட்டது. நாம் இன்று நடப்பது அந்தப் பட்டையில்தான்.

## எதை வைத்து முடிவெடுப்பது?

எல்லோரும் முதலில் கேட்பது தூரம். நான் அதைக் கடைசியில்தான் பார்ப்பேன். காரணம் இது ரயில் போன வழி. ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது. அதனால் மேட்டை வெட்டியும் பள்ளத்தை நிரப்பியும், கண்ணுக்கே தெரியாத சரிவில்தான் பாதை போட்டிருப்பார்கள். மலை ஏறினால் மூச்சு வாங்கும், நாமே நின்றுவிடுவோம். சமதளத்தில் உடம்பு அந்த எச்சரிக்கையைக் கொடுப்பதில்லை. பேசிக்கொண்டே 7 கிலோமீட்டர் போன பிறகுதான், தொப்பி இல்லாமல் இவ்வளவு நேரம் வெயிலில் நடந்திருக்கிறோம் என்பது உறைக்கும். அதனால் தூரத்துக்கு முன்னால் இந்த நான்கைப் பார்க்கச் சொல்வேன்.

நிழல். காட்டு வழி என்று கேள்விப்பட்டு வருபவர்களுக்கு முதல் ஏமாற்றம் இதுதான். காடு பாதையின் இரண்டு பக்கமும் நிற்கிறது. பாதைக்கு மேலே பெரும்பாலும் திறந்த வானம். 9 மணிக்கு மேல் இது பெரிய விஷயம்.

நடுவில் விலகும் வழி. ஒருவருக்குக் கால் பிடித்துக்கொண்டால் எத்தனை நிமிடத்தில் பஸ் நிறுத்தத்துக்கோ எம்ஆர்டி (நகர ரயில்) நிலையத்துக்கோ போக முடியும்? சில துண்டுகளில் ஐந்து நிமிடம். சில துண்டுகளில் இருந்த இடத்திலிருந்து முன்னாலோ பின்னாலோ அரை மணி நேரம் நடந்தே ஆக வேண்டும்.

கழிப்பறையும் தண்ணீரும். இதைப் பெண்கள்தான் முதலில் கேட்பார்கள், கேட்பது நியாயம். பாதை நெடுகிலும் இந்த வசதி கிடையாது.

எதைப் பார்க்க வருகிறோம்? ரயிலின் மிச்சங்களா, காடா, அல்லது "முழுசா நடந்து முடிச்சோம்" என்ற திருப்தியா? மூன்றும் ஒரே துண்டில் கிடைக்காது.

இவற்றோடு மழையையும் சேர்க்க வேண்டும். ஆனால் அது நான்கு வழிக்கும் பொது, அதைப் பின்னால் பேசலாம்.

| வழி | தூரம் | ஓய்வோடு நேரம் | நிழல் | விலகும் வழி | முக்கியமாகக் கிடைப்பது |
|---|---|---|---|---|---|
| நடுப்பகுதி மட்டும் | 4 கி.மீ. | 1½–2 மணி | பாதி | எளிது | பழைய நிலையம், இரும்புப் பாலங்கள் |
| நடுப்பகுதி + புக்கிட் தீமா குன்று | சுமார் 10 கி.மீ. | 5 மணி | முதல் பாதி குறைவு, பிறகு அடர்த்தி | ஓரளவு எளிது | ரயிலும் மழைக்காடும் |
| புவன விஸ்தா – ஹில்வியூ | சுமார் 9 கி.மீ. | 3–3½ மணி | குறைவு | நடுவில் கடினம் | நீளமான, அமைதியான சமதள நடை |
| ஸ்பூனர் ரோடு – கிராஞ்சி | சுமார் 21 கி.மீ. | 7–8 மணி | மிகக் குறைவு | இடத்துக்கு இடம் மாறும் | முழுமையாக நடந்த திருப்தி |

நேரமெல்லாம் சராசரிக் குடும்பம், சராசரி நண்பர் குழுவின் வேகத்துக்குப் போட்டது. ஓடிப் பழகியவர்கள் குறைத்துக்கொள்ளலாம்.

## வழி 1: நடுப்பகுதி மட்டும், கிங் ஆல்பர்ட் பார்க்கிலிருந்து ஹில்வியூ

லிட்டில் இந்தியாவிலிருந்து டவுன்டவுன் ரயிலில் ஆறாவது நிறுத்தம் கிங் ஆல்பர்ட் பார்க். ரயில் மாற வேண்டியதில்லை. வெளியே வந்து சில நிமிடம் நடந்தால் பழைய புக்கிட் தீமா ரயில் நிலையம்.

செங்கல் கட்டடம், ஒற்றைத் தளம், நம் ஊரில் கிளைப் பாதையில் பார்க்கும் சின்ன ஸ்டேஷன் போலவே இருக்கும். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் இதன் முன்னால் நின்று, "இது நம்ம ஊரு ஸ்டேஷன்தானே" என்றார், எனக்கு அது இன்னும் நினைவில் இருக்கிறது. ஒற்றைத் தடம் என்பதால், எதிரெதிரே வரும் ரயில்கள் மோதாமல் இருக்க ஓட்டுநர்கள் இங்கே சாவி டோக்கன் (அடுத்த துண்டில் போகலாம் என்பதற்கு அடையாளம்) மாற்றிக்கொள்வார்கள். மலாயா ரயில்வே முழுவதிலும் அந்த முறை கடைசிவரை இருந்தது இங்கேதான். கட்டடத்தைச் சீரமைத்து 2022 ஜூலையில் மறுபடி திறந்தார்கள். தண்டவாளத்தைக் கொஞ்சம் அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். கழிப்பறை இங்கே உண்டு, பயன்படுத்திவிட்டே கிளம்புங்கள்.

நிலையத்தைத் தாண்டியதும் புக்கிட் தீமா ரோட்டுக்கு மேலே போகும் இரும்புப் பாலம். கீழே கார்கள், மேலே நீங்கள். பிள்ளைகளுக்கு இது ஒன்றே போதும். அதற்கு வடக்கே, ரைஃபிள் ரேஞ்ச் ரோட்டைத் தாண்டிய பிறகு வரும் துண்டுதான் முழுக் காரிடாரிலும் எனக்குப் பிடித்தது. மரங்கள் இரண்டு பக்கமும் நெருங்கி வரும், சாலைச் சத்தம் அடங்கும். பாதையோரத்துத் தொட்டாற்சிணுங்கியைத் தொட்டுக் காட்டினால் ஊரிலிருந்து வந்தவர்கள் சிரிப்பார்கள், "இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம்?" என்று. கடைசியில் ரயில் மால் என்ற சாலையோரக் கடை வரிசைக்குப் பக்கத்தில் இரண்டாவது இரும்புப் பாலம், அதைக் கடந்தால் ஹில்வியூ.

இந்த நடுப்பகுதி 2021-இல்தான் சீரமைப்பு முடிந்து திறந்தது. பாதைக்கு அடியில் நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகும் பெரிய குழாய் பதித்திருக்கிறார்கள். மேலே கெட்டியான தரை, பிள்ளை வண்டியையும் தள்ளிப் போகலாம். பலத்த மழைக்கு மறுநாள் மட்டும் சக்கரத்தில் சேறு ஒட்டும்.

மறைவான செலவு: இதை ஒரு முழு நாள் நடை என்று சொல்லிக் கூட்டிப்போனால், நடக்கப் பழகியவர்கள் 9 மணிக்கே "அவ்வளவுதானா?" என்பார்கள். மீதி நாளுக்கு வேறு திட்டம் கையில் இருக்க வேண்டும். ஹியூம் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் பழைய ஃபோர்டு தொழிற்சாலை இருக்கிறது. 1942 பிப்ரவரி 15 அன்று பிரிட்டிஷார் ஜப்பானியரிடம் சரணடைந்த கட்டடம், இப்போது காட்சியகம். குளிரூட்டப்பட்ட ஒரு மணி நேரம். நடையோடு இதையும் சேர்த்தால் அரை நாள் நிறைவாக இருக்கும்.

இன்னொரு செலவைப் பெரும்பாலோர் யோசிப்பதில்லை. சிங்கப்பூர் நேரம் இந்திய நேரத்துக்கு இரண்டரை மணி முந்தியது. காலை 7 மணிக்கு நடை என்றால், முந்தாநாள் சென்னையிலிருந்து வந்த அப்பாவுக்கு அது விடிகாலை 4:30. அவர் 5:30-க்கு எழுந்திருந்தால் உடம்புக் கணக்கில் 3 மணிக்கு எழுந்திருக்கிறார். வந்து நான்கு நாளாவது ஆகட்டும்.

எப்போது இது சரி: கூட வருபவருக்கு 60 வயதுக்கு மேல், அல்லது 6 வயதுக்குக் கீழ். முழங்கால் வலி உள்ளவர்கள். வானிலை நிச்சயமில்லாத நாள். காரிடாரை முதல்முதலாகப் பார்க்கப் போகிறவர்கள்.

## வழி 2: நடுப்பகுதியும் புக்கிட் தீமா குன்றும்

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது, நடக்கத் தெம்பும் இருக்கிறது என்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். ரயில் பாதையில் கிடைக்காத நிழலும் காடும் ஏற்றமும் பக்கத்துக் குன்றில் கிடைக்கின்றன.

புக்கிட் தீமாவின் உயரம் 163 மீட்டர்தான். சிங்கப்பூரின் இயற்கையான உச்சி அதுதான். பழனிப் படியேறி வளர்ந்தவர்களுக்கு உயரம் பெரிதாகத் தெரியாது. காடு வேறு விதம். 1854-இல் இங்கே வந்த ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ், சுமார் இரண்டு மாதத்தில் 700 வகை வண்டுகளைச் சேகரித்தார். அவர் நடந்த குன்றில் இன்னும் பழைய மழைக்காடு மிச்சமிருக்கிறது. நெடுநெடுவென்று நிற்கும் செராயா மரங்களுக்குக் கீழே, நடுப்பகலிலும் வெளிச்சம் பச்சையாகத்தான் விழும். துடுப்புவால் கரிச்சானை நான் அதிகம் பார்த்தது இங்கேதான்.

இந்த வழியில் வரிசைதான் முக்கியம். பலர் குன்றை முதலில் ஏறிவிட்டு, 10 மணிக்குப் பாதையில் இறங்குவார்கள். ஏற்றத்தை உடம்பு புதிதாக இருக்கும்போதே முடித்துவிடலாம் என்ற எண்ணம். நானும் முதலில் அப்படித்தான் செய்தேன். அப்போது நிழலில் நடக்க வேண்டிய நேரத்தை வெயிலிலும், வெயிலில்லாத நேரத்தை நிழலிலும் செலவழித்துவிடுகிறோம். திருப்பிப் போட்டால் எல்லாம் சரியாகிறது.

காலை 7 மணிக்கு வெளிச்சம் வந்ததும் கிங் ஆல்பர்ட் பார்க்கில் தொடங்குங்கள். வெயில் ஏறுவதற்குள் நடுப்பகுதி 4 கிலோமீட்டரையும் முடித்து, எட்டரை மணிக்கு ரயில் மால் பக்கம் வந்துவிடலாம். அங்கே உட்கார்ந்து கட்டிக்கொண்டு வந்ததைச் சாப்பிடுங்கள். குன்றுக்குள் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கவே கூடாது, காரணம் பின்னால் சொல்கிறேன். பிறகு டெய்ரி ஃபார்ம் இயற்கைப் பூங்கா வழியாக நுழையுங்கள். பேருக்கு ஏற்றபடி முன்பு இது மாட்டுப் பண்ணைதான். பழைய தொழுவம் ஒன்றைத்தான் வாலஸ் பெயரில் கல்விக் கூடமாக மாற்றியிருக்கிறார்கள். பக்கத்திலேயே கல் வெட்டி எடுத்த பள்ளம் ஒன்று தண்ணீர் நிறைந்து குளமாகி நிற்கிறது. அங்கிருந்து காட்டுக்குள் படியும் பாதையுமாக உச்சி வரை. உச்சியில் பரந்த காட்சியை எதிர்பார்க்காதீர்கள், மரங்கள் மறைக்கும். இறக்கம் தார்ச்சாலை வழியாகப் பார்வையாளர் நிலையத்துக்கு, அங்கிருந்து பியூட்டி வோர்ல்டுக்கு. 12 மணிக்கு பியூட்டி வோர்ல்ட் சென்டரின் மாடி உணவு நிலையத்தில் மதியச் சாப்பாடு.

மறைவான செலவு: ஏற்றம் யாரையும் கஷ்டப்படுத்தியதாக நினைவில்லை. அந்தத் தார்ச்சாலை இறக்கம்தான் சிக்கல். செங்குத்தாக இறங்குகிறது; ஈரமாக இருந்தால் வழுக்கும்; 8 கிலோமீட்டர் நடந்த முழங்காலுக்கு அது நல்லதில்லை. நேராக இறங்காமல் சாலையின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமாகக் குறுக்கே நடந்து இறங்குங்கள். அடித்தோல் தேய்ந்த பழைய ஷூ இந்த நாளுக்கு வேண்டாம். இரண்டாவது செலவு தண்ணீர்: ஆளுக்கு ஒன்றரை லிட்டர், நான்கு பேர் என்றால் ஆறு லிட்டர். யார் சுமப்பது என்று வீட்டிலேயே பிரித்துக்கொள்ளுங்கள். இயற்கை வனப்பகுதி மாலை 7 மணிக்கு மூடும், ஆனால் நீங்கள் மதியத்துக்கு மேல் உள்ளே இருக்கவே வேண்டாம்.

இந்த வழியின் பெரிய நன்மை, எட்டரை மணிக்கு உங்களுக்குக் கிடைக்கும் இரண்டாவது வாய்ப்பு. ரயில் மால் வந்து சேரும்போது வானம் கறுத்திருந்தாலோ, பிள்ளை சோர்ந்திருந்தாலோ, அப்படியே ஹில்வியூவில் ரயில் ஏறிவிடலாம். அதுவரை நடந்தது தன்னளவில் முழுமையான நடை, பாதியில் விட்ட குறையே இருக்காது. மற்ற எந்த வழியிலும் இந்த வசதி இல்லை.

எப்போது இது சரி: 8 வயதுக்கு மேற்பட்ட, நடக்கிற பிள்ளைகள் உள்ள குடும்பம். வெளியூரிலிருந்து ஒரே ஒரு நாளுக்கு வருகிறவர். ரயிலும் வேண்டும், காடும் வேண்டும் என்பவர்.

## வழி 3: புவன விஸ்தாவிலிருந்து ஹில்வியூ

பேசிக்கொண்டே நடக்க வேண்டும், படியேற வேண்டாம், ஆனால் 4 கிலோமீட்டர் போதாது என்பவர்களுக்கு இது. கிம் மோ உணவு நிலையத்தில் காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டுத் தொடங்கலாம். சுமார் 5 கிலோமீட்டரில் புக்கிட் தீமா நிலையம், அங்கிருந்து நடுப்பகுதி.

ஹாலந்து ரோட்டைத் தாண்டியதும் இடது பக்கம் கிளமெண்டி காடு வரும். 1960-களில் ஜூரோங் தொழிற்பேட்டைக்காகப் போட்ட கிளைப் பாதை இந்தப் பக்கம்தான் பிரிந்து போனது. 2020-21 வாக்கில் இந்தக் காட்டின் படங்கள் பரவி, வீடுகளுக்காக ஒதுக்கிய இந்த நிலத்தைக் காடாகவே விடலாமா என்று ஊரே பேசியது. பனி படர்ந்த படங்களைப் பார்த்துவிட்டு உள்ளே நுழைய ஆசை வரும். சீரான பாதை இல்லாத காட்டுக்குள் பிள்ளைகளையோ பெரியவர்களையோ கூட்டிப்போகாதீர்கள். முக்கியப் பாதையிலிருந்து பார்த்தாலே போதுமான அழகு.

மறைவான செலவு: ஹாலந்து ரோட்டுக்கும் புக்கிட் தீமா நிலையத்துக்கும் இடையில் விலகும் வழி மிகக் குறைவு, கழிப்பறை கிடையாது, வெயில் நேராக விழும். கடிகாரத்தில் அரை மணி நேரம்தான் ஆகும். கூட வருபவருக்கு அவசரமாகக் கழிப்பறை தேவைப்பட்டால் அது மிக நீண்ட அரை மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை காலை சைக்கிள்காரர்களும் அதிகம். இடது ஓரமாகவே நடக்க வேண்டும். பிள்ளைகள் கையை விட்டுவிட்டு ஓடும் நடையாக இது இருக்காது.

எப்போது இது சரி: நடைப் பழக்கம் உள்ள நண்பர்கள் இரண்டு மூன்று பேர், வார நாளில் விடுப்பு எடுத்து வரும்போது. வழி 4-க்குத் தயாராகிறவர்களுக்கு ஒத்திகையாகவும் இது நல்லது.

## வழி 4: முழுப் பாதை, ஸ்பூனர் ரோட்டிலிருந்து கிராஞ்சி

தஞ்சோங் பகார் பழைய நிலையம் தேசிய நினைவுச்சின்னம். அதற்குப் பக்கத்தில், முன்பு மலாயா ரயில்வே ஊழியர்கள் குடியிருந்த ஸ்பூனர் ரோட்டிலிருந்து வடக்கே கிராஞ்சி எம்ஆர்டி வரை சுமார் 21 கிலோமீட்டர். எல்லோருக்கும் முதலில் ஆசை வருவது இதன் மேல்தான். எனக்கும் வந்தது.

நாங்கள் ஆறு பேர் எட்டரை மணிக்குத் தொடங்கினோம். முதல் தவறு அதுவே. புக்கிட் தீமா நிலையம் வரை யாருக்கும் எதுவும் தெரியவில்லை. ஹில்வியூ தாண்டி வடக்கே பாதை திறந்தவெளியாக விரிந்தபோது மணி 1. எங்களில் ஒருவருக்குக் கெண்டைச் சதை இழுத்துப் பிடித்தது. தண்ணீர் குடித்துக்கொண்டேதான் வந்தார், உப்புச் சேரவில்லை. புக்கிட் பாஞ்சாங்கில் அவரோடு இருவர் ரயில் ஏறினார்கள், மற்றவர்கள் கிராஞ்சி போய்ச் சேர்ந்தோம். கடைசி 5 கிலோமீட்டரில் நான் என்ன பார்த்தேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

இதைச் சொல்வது பயமுறுத்த இல்லை. புக்கிட் பாஞ்சாங்குக்கு வடக்கே, சுங்கை காடுட் தொழிற்பேட்டையை ஒட்டிப் போகும் துண்டில் காடும் இல்லை, பழைய பாலமும் இல்லை. முழுப் பாதையின் அழகில் பெரும்பங்கு நடுப்பகுதி 4 கிலோமீட்டரில் இருக்கிறது, களைப்பில் பெரும்பங்கு கடைசி 8 கிலோமீட்டரில் இருக்கிறது. தெற்கிலிருந்து வடக்கே போனால், உடம்பு மிகவும் சோர்ந்த நேரத்தில் மிகவும் வறண்ட துண்டு வருகிறது. அதனால் முழுதும் நடப்பதாக முடிவெடுத்தவர்களுக்கு என் யோசனை: கிராஞ்சியில் தொடங்குங்கள். விடிந்தும் விடியாத நேரத்தில் வறண்ட துண்டைக் கடந்துவிட்டால், 10 மணிக்கு ஹில்வியூ, அதன் பிறகு மரங்கள். பதினொன்றரை மணிக்குப் புக்கிட் தீமா நிலையத்தில் நீண்ட ஓய்வு. மீதி 9 கிலோமீட்டரை அங்கே உட்கார்ந்து யோசித்து முடிவு செய்யலாம்.

தெற்குத் துண்டில் ஒரு விஷயத்துக்காகவே நான் மறுபடி போவேன். குவீன்ஸ்வே பக்கத்தில் தண்டவாளத்தோரம் 1932-இல் ரயில் தொழிலாளர்கள் சின்னக் குடிலாக வைத்துக் கும்பிட்ட முனீஸ்வரர்தான், இன்று காமன்வெல்த் டிரைவில் பெரிய கோயிலாக இருக்கும் ஸ்ரீ முனீஸ்வரன் ஆலயம். புதுத் தடம் போட்ட அதே வருடம். தடத்தைப் பராமரித்தவர்கள் தங்கள் காவலுக்கு ஊரின் எல்லைச் சாமியை அதன் ஓரத்திலேயே உட்கார வைத்திருக்கிறார்கள். ரயில் போய்விட்டது, முனீஸ்வரர் இருக்கிறார். நடையிலிருந்து விலகி ஒரு கும்பிடு போட்டுவிட்டு வரலாம். வியர்த்த உடம்போடு போக மனம் ஒப்பாதவர்கள், இன்னொரு நாள் தனியாகப் போங்கள்.

மறைவான செலவு: மறுநாள். ஞாயிற்றுக்கிழமை நடந்தால் திங்கட்கிழமை மாடிப்படி இறங்க முடியாது, சனிக்கிழமை நடங்கள். ஆளுக்கு மூன்று லிட்டராவது தண்ணீர், வழியில் இரண்டு இடத்தில் நிரப்பிக்கொள்ள வேண்டும். உப்பு, சர்க்கரை கலந்த பானமோ உப்பு போட்ட எலுமிச்சை ஜூஸோ ஒரு பாட்டில். மாற்றுக் காலுறை ஒரு ஜோடி. இந்த நீளத்தில் எங்காவது ஒரு துண்டில் வேலை நடந்து அடைத்திருப்பார்கள், அதனால் முந்தின நாளே தேசியப் பூங்காக் கழகத்தின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். பத்துப் பேர் குழு என்றால் மெதுவாக நடக்கும் ஒருவரின் வேகம்தான் குழுவின் வேகம், அதைத் தொடக்கத்திலேயே பேசிவிடுங்கள்.

எப்போது இது சரி: வாரத்துக்கு ஒருமுறையாவது 8, 10 கிலோமீட்டர் நடக்கிறவர்கள். குழுவில் எல்லோருமே அப்படி இருந்தால்.

## எந்த வழி போனாலும்

குரங்கு. ஊரிலிருந்து வரும் அம்மாக்களுக்குக் குரங்கைப் பார்த்தால் கை தானாகப் பையில் வாழைப்பழத்தைத் தேடும். ஆஞ்சநேயருக்குக் கொடுப்பது போலத்தான் கொடுப்பார்கள். இங்கே காட்டு விலங்குக்குத் தீனி போடுவது சட்டப்படி குற்றம், முதல் தடவைக்கே 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் உண்டு. அபராதத்தைவிட முக்கியமான காரணம், தீனி கொடுத்துப் பழக்கிய குரங்கு அடுத்து வரும் குழந்தையின் கையிலிருந்து பிடுங்கும். பிளாஸ்டிக் பை சத்தம் கேட்டாலே கூட்டமாக வரும். சாப்பாடு துணிப்பைக்குள், முதுகுப்பைக்குள் இருக்கட்டும். இதை நடைக்கு முதல் நாள் வீட்டிலேயே பொறுமையாகச் சொல்லிவிடுங்கள்; எல்லோர் முன்னாலும் அம்மாவின் கையைப் பிடித்துத் தடுக்கும்படி ஆக வேண்டாம்.

இடி. இங்கே வருடத்தில் இடி இடிக்கும் நாள்கள் 160-க்கும் மேல். பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகு. ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ரா பக்கமிருந்து வரும் காற்று மழை மட்டும் விடியற்காலையிலேயே அடித்துவிட்டுப் போகும். அப்படி அடித்தால் ஒரு மணி நேரம் வீட்டிலேயே காத்திருந்து கிளம்புங்கள். பாதையில் இருக்கும்போது இடி கேட்டால் மரத்தடியில் ஒதுங்காதீர்கள். பாதையோரத்து அல்பீசியா மரங்கள் வேகமாக வளர்ந்தவை, காற்றில் கிளை முறிந்து விழும். சாலைப் பாலத்தின் அடியோ கட்டடமோ தேடுங்கள்.

இருட்டு. பாதையில் பெரும்பகுதிக்கு விளக்கு இல்லை. காலை 7-க்கும் மாலை 7-க்கும் இடையில் நடப்பதுதான் முறை. மாலை நடை அழகுதான், ஆனால் அதை வழி 1-க்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கொசு மருந்து, தொப்பி, சின்னத் துண்டு ஆகியவை நான்கு வழிக்கும் வேண்டும்.

## கேட்டவர்களுக்கு

அப்பா அம்மாவோடு போகிறவர், வழி 2-ஐ மனதில் வைத்துக்கொண்டு வழி 1-ஐ நடங்கள். ரயில் மால் வந்ததும் அவர்கள் முகத்தைப் பாருங்கள். அம்மா உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றினால் ஹில்வியூவில் ரயில் ஏறிவிடுங்கள். "அந்தக் குன்றுல என்ன இருக்கு?" என்று அப்பா கேட்டால் டெய்ரி ஃபார்ம் பக்கம் திரும்புங்கள்.

ஆபீஸ் குழுவுக்கு: முதலில் எல்லோரும் ஒரு சனிக்கிழமை வழி 3-ஐ நடங்கள். முடித்த அன்று இரவு யாரெல்லாம் அடுத்த தேதியைக் கேட்கிறார்களோ, அவர்கள் மட்டும் கிராஞ்சிக்கு முதல் ரயிலைப் பிடியுங்கள்.